அப்பாவின் கண்புரை அறுவை: எந்த லென்ஸ், எந்த முறை?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 71. தேனிப் பக்கம் தோட்டம், இன்னமும் தினமும் மோட்டார் போடப் போகிறவர். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் பரவாயில்லை. வலது கண்ணில் விரல் எண்ணக்கூட முடியவில்லை, டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாகத் தெரிகிறது. "அறுவடை முடியட்டும், தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டே வந்தார். சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது.

ஒரு தனியார் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்தது கொஞ்ச நேரம்தான். அப்புறம் லென்ஸ் பற்றி ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் என்று ஒரு பெண்ணிடம் உட்காரவைத்தார்கள். லேமினேட் செய்த அட்டையை நீட்டினார். மேலே சாதா லென்ஸ், கீழே போகப்போக விலை ஏறுகிறது, கடைசி வரியில் லட்சத்தைத் தாண்டுகிறது. "அப்பாவுக்கு பெஸ்டா பண்ணலாம்ல சார்?" என்று கேட்டபோது அப்பா என் முகத்தையே பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

கேட்க வேண்டியது இரண்டு. விலை கூடினால் பார்வையும் கூடுமா? இரண்டாவது, வலது கண்ணுக்கு லேசர் சரிப்படாது, எஸ்ஐசிஎஸ் (சிறு வெட்டுப் புரை அறுவை) என்ற முறையில்தான் செய்ய வேண்டியிருக்கும் என்றார்கள். அது பழைய முறையா?

லென்சோமீட்டர் எழுதியது:

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், பார்வையை அளந்து கண்ணாடி பவர் சொல்வது என் வேலை. இந்த அட்டையோடு கடைக்கு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

முதலில், நீங்கள் லேசர் என்று சொல்வது பெரும்பாலும் லேசர் இல்லை. அது ஃபேக்கோ. ஊசிமுனை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அதிர்ந்து புரையை உடைத்து உறிஞ்சுகிறது, அதாவது அல்ட்ராசவுண்ட். நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் கெல்மன் 1967இல் மனிதக் கண்ணில் முதன்முதலாகச் செய்தார். பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, பல்லைச் சுத்தம் செய்யும் கருவியைப் பார்த்து வந்த யோசனையாம். உண்மையான லேசர் இருப்பது ஃபெம்டோ என்கிற முறையில். அதிலும் சில வெட்டுகளைத்தான் லேசர் போடும், மீதிக்கு ஃபேக்கோதான்.

லென்ஸ் விஷயம். மோனோஃபோக்கல் ஒரே தூரத்துக்குக் குவியும். தூரப் பார்வைக்கு வைத்துவிட்டால் பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோக்கல், உள்ளே வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது. பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற ஒளி குறையத்தானே செய்யும்? மங்கல் வெளிச்சத்தில் துல்லியம் கொஞ்சம் குறையும், ராத்திரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். எடாஃப் என்பது தெளிவாகத் தெரிகிற தூரத்தை நீட்டித் தருகிற லென்ஸ், இரண்டுக்கும் நடுவில். டோரிக் வேறு கதை, கண்ணில் சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் சமமாக இல்லாததால் வரும் பவர், இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்வது. சிலிண்டர் இல்லாதவருக்கு டோரிக் வைப்பது வீண். அட்டையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருப்பதால் படிக்கட்டு மாதிரி தெரிகிறது. உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுக்கு.

சர்க்கரைக்காரர் என்றீர்கள். விழித்திரையில் பாதிப்பு இருந்தால் மல்டிஃபோக்கல் பேச்சே வேண்டாம். முதலில் ஓசிடி ஸ்கேன் (விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிப்பது) எடுத்தார்களா என்று கேளுங்கள்.

விடாக்கண்டன் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ரோபோவும் ஏஐயும் வந்த காலத்தில், கண்ணில் பெரிதாகக் கீறி புரைக் கட்டியை முழுசாக வெளியே எடுப்பதா? எஸ்ஐசிஎஸ் என்பது முகாமுக்கு வருகிற ஏழைகளுக்குச் செய்வது. காசுள்ளவர்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. தேனியில் இருந்து வந்தார், வேட்டி கட்டியிருந்தார், அதைப் பார்த்து முடிவு செய்திருப்பார்கள். ஃபேக்கோதான் வேண்டும் என்று அடித்துக் கேளுங்கள் அண்ணே.

இரண்டாம்_ஆண்டு_பிஜி எழுதியது:

கண் மருத்துவ முதுநிலை படிக்கிறேன். இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை.

எஸ்ஐசிஎஸ்ஸில் வெட்டு 6 முதல் 7 மில்லிமீட்டர். ஃபேக்கோவில் 2.2 முதல் 2.8. பார்த்தால் பெரிய வித்தியாசம்தான். ஆனால் அந்த வெட்டு கருவிழியில், அதாவது முன்னால் இருக்கிற கார்னியாவில், நேராகப் போடுவதில்லை. வெள்ளை விழியில் ஆரம்பித்து, பாதித் தடிமனில் ஒரு சுரங்கம் மாதிரி குடைந்து உள்ளே போகிறது. வேலை முடிந்ததும் கண்ணுக்குள் இருக்கிற அழுத்தமே உள் உதட்டைத் தள்ளி மூடிவிடும், தையல் தேவையில்லை. பழைய காலத்தில் 10, 12 மில்லிமீட்டர் திறந்து வரிசையாகத் தையல் போட்டார்களே, அது வேறு. அதற்கும் முன்னால் லென்ஸை உறையோடு உருவி எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். நம் தாத்தாக்கள் போட்டிருந்தது அது.

இப்போது பழுப்பு நிறப் புரைக்கு வருகிறேன். அப்பாவுடையது கல் மாதிரி இறுகியிருக்கும். அதை ஃபேக்கோவில் உடைக்க அதிக நேரம், அதிக சக்தி வேண்டும். அந்த அதிர்வும் சூடும் கருவிழியின் உள்பக்கம் இருக்கிற செல்களைத் தின்றுவிடும். பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2,500 அளவில் அந்தச் செல்கள் இருக்கும். போனால் போனதுதான், திரும்ப வளராது. 500க்குக் கீழே போனால் கருவிழி நீர்கோத்து வெளிறிவிடும், அப்புறம் கருவிழி மாற்று அறுவைக்குத்தான் போக வேண்டும். அதனால்தான் முற்றிய புரைக்குக் கட்டியை உடைக்காமல் முழுசாக எடுப்பது. உங்கள் டாக்டர் வேட்டியைப் பார்த்துச் சொல்லவில்லை, புரையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

நேபாளத்தில் கண் மருத்துவர் சந்துக் ருயிட் குழுவினர் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டார்கள். எல்லாம் முற்றிய புரைகள். ஆறு மாதம் கழித்துக் கண்ணாடியோடு பார்த்தபோது இரண்டு பக்கமும் 98 சதவீதம் பேருக்கு நல்ல பார்வை. சராசரி நேரம் ஃபேக்கோவுக்குப் பதினைந்தரை நிமிடம், எஸ்ஐசிஎஸ்ஸுக்கு ஒன்பது.

எஸ்ஐசிஎஸ்ஸில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. வெட்டு பெரிது என்பதால் கொஞ்சம் சிலிண்டர் பவர் வரலாம், சிவப்பு இறங்க நாளாகும், பெரும்பாலும் மரத்துப்போகக் கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட வேண்டும். இடது கண்ணில் புரை இளசாக இருந்தால் அதற்கு ஃபேக்கோ கேட்பதில் தப்பே இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டு கண்ணில் இரண்டு முறை என்பது சாதாரணம்.

விடாக்கண்டன் எழுதியது:

சரி தம்பி, அது புரிகிறது. ஆனால் ஃபெம்டோ லேசர் வந்துவிட்டதே? டாக்டர் கையைவிடக் கம்ப்யூட்டர் துல்லியமாக வெட்டாதா?

இரண்டாம்_ஆண்டு_பிஜி எழுதியது:

வட்டமாக வெட்டும், அழகாகவும் இருக்கும். 2008இல் புடாபெஸ்டில் ஜோல்டான் நாகி ஆரம்பித்து வைத்தபோது, இனி எல்லாம் லேசர்தான் என்று பேசினார்கள். பிரான்சில் ஐந்து மருத்துவமனைகளில் ஃபெம்கேட் என்று பெரிய ஆய்வு நடத்தி 2020இல் முடிவு வந்தது: சாதா ஃபேக்கோவைவிட மேல் என்று காட்ட முடியவில்லை, செலவுக்கும் கட்டுப்படியாகவில்லை. சில சிக்கலான கண்களில் பயன் உண்டு. மற்றபடி அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

ராப்பயணி எழுதியது:

மல்டிஃபோக்கல் வைத்துக்கொண்டவன் பேசுகிறேன். வயது 58. பகலில் சொர்க்கம். மெனு கார்டு, மாத்திரை அட்டையில் இருக்கிற பொடி எழுத்து, எல்லாம் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன். ராத்திரி திண்டுக்கல் பைபாஸில் எதிரே லாரி வந்தால் ஒவ்வொரு ஹெட்லைட்டைச் சுற்றியும் கோலம் போட்ட மாதிரி வட்டங்கள். போகப்போகப் பழகும் என்றார்கள், குறைந்திருக்கிறது, போகவில்லை. ராத்திரி வண்டி ஓட்டுவதுதான் என் பிழைப்பு. இதை யாரும் முன்னாடி கேட்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன், அவர்களும் கையெழுத்து வாங்கின தாளில் எங்கோ இதை எழுதித்தான் இருந்தார்கள்.

உங்கள் அப்பா ராத்திரி டிவிஎஸ் ஓட்டுவாரா?

வைகைக்கரை எழுதியது:

ஓட்டுவார் ஐயா. கரண்ட் வருகிற நேரத்துக்கு மோட்டார் போட ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு போவார். படிப்பது என்றால் தினத்தந்தி மட்டும், அதுவும் தலைப்பு.

லென்சோமீட்டர் எழுதியது:

அப்போது உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். தூரத்துக்கு மோனோஃபோக்கல், தினத்தந்திக்கு ஒரு ரீடிங் கிளாஸ். சிலிண்டர் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள், அதிகம் இருந்தால் டோரிக் பற்றி யோசிக்கலாம். டோரிக் வைத்தால் அது உட்காரும் கோணம் ரொம்ப முக்கியம். பத்து டிகிரி திரும்பிவிட்டால் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். படுத்தால் கண் லேசாகச் சுழலும் என்பதால், உட்காரவைத்து கண்ணில் மையால் குறி போட்டபிறகுதான் உள்ளே அழைத்துப் போவார்கள். இப்போது சில இடங்களில் கேமராவே அந்தக் கோணத்தை மைக்ராஸ்கோப்பில் காட்டுகிறது.

பவர் கணக்குத்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். கண்ணின் நீளத்தை ஒரு மில்லிமீட்டர் தப்பாக அளந்தால் லென்ஸ் பவர் இரண்டரை, மூன்று டயாப்டர் (பவரின் அலகு) மாறிவிடும். ஆப்டிகல் பயோமெட்ரியில் தொடாமலே ஒளியால் அளக்கிறார்கள், துல்லியம் அதிகம். ஆனால் அப்பாவின் வலது கண் மாதிரி முற்றிய புரையில் சிலசமயம் ஒளி ஊடுருவாது, அல்ட்ராசவுண்டால் அளக்கிற பழைய ஏ-ஸ்கேன்தான் கைகொடுக்கும். எதில் எடுத்தார்கள் என்று கேட்டு ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

துபாய்வாசி எழுதியது:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. எனக்கு 46. இருபது வருஷத்துக்கு முன்னாடி, கண்ணாடியைத் தவிர்க்க லேசரில் செய்கிற லாசிக் செய்தேன். பின்னாளில் புரை வந்தால் பிரச்சினையா?

இரண்டாம்_ஆண்டு_பிஜி எழுதியது:

அறுவைக்குப் பிரச்சினை இல்லை, பவர் கணக்கில்தான். லாசிக் கருவிழியின் வளைவை மாற்றியிருக்கும், வழக்கமான ஃபார்முலா ஏமாந்துவிடும். அதற்கென்று தனி ஃபார்முலாக்கள் உண்டு. லாசிக்குக்கு முந்தைய பவர், கருவிழி அளவு இருக்கிற பழைய ரிப்போர்ட் கிடைத்தால் ஸ்கேன் பண்ணிப் பத்திரமாக வையுங்கள்.

பச்சைத்துணி எழுதியது:

கண் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். லென்ஸ் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள், அந்தப் பெரியவர் பயப்படுவது வேறொன்றாக இருக்கும். கிராமத்தில் இருந்து வருகிறவர்கள் பாதிப் பேர் என்னிடம் காதோடு கேட்டது ஒன்றுதான்: "கண்ண வெளிய எடுத்துத் தட்டுல வச்சுட்டா ஆத்தா பண்ணுவாக?" இல்லை என்று அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள் தம்பி. கண் இருந்த இடத்திலேயே இருக்கும்.

என்ன நடக்கும் என்றால், பாவை, அதாவது கண் நடுவில் இருக்கிற கறுப்புத் துவாரம், விரிய சொட்டு மருந்து மறுபடி மறுபடி விடுவார்கள். சலித்துக்கொள்ளக் கூடாது, பாவை நன்றாக விரிந்தால்தான் டாக்டருக்கு வேலை சுலபம். உள்ளே போனதும் பழுப்பு நிறத்தில் பொவிடோன் அயோடின் சொட்டு, கொஞ்சம் எரியும். கிருமியைக் கொல்வதில் அதற்கு ஈடு கிடையாது. அப்புறம் முகத்தை மூடிப் பச்சைத் துணி, கண்ணுக்கு நேரே மட்டும் ஓட்டை. துணிக்கு அடியில் காற்று வரும், மூச்சு முட்டாது. பளீரென்று வெளிச்சம் தெரியும், கலர் கலராகக் கூடத் தெரியும், கத்தி தெரியாது. இருமல் வந்தால் முன்னாடியே சொல்ல வேண்டும், கையை மட்டும் தூக்கவே கூடாது. காது மந்தம் என்றால் அதையும் சொல்லிவையுங்கள், டாக்டர் "கீழே பாருங்க" என்றால் கேட்க வேண்டுமே. ஃபேக்கோ என்றால் மிஷின் ஒரு ராகம் பாடும், துண்டு ஊசிமுனையில் சிக்கினால் சுருதி மாறும். அதைக் கேட்டு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எழுந்தவர்களும் உண்டு.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் ஒரு பாட்டி, "வார்டுக்கு ராவோட ராவா வெள்ளையடிச்சீகளா?" என்று கேட்டார். மஞ்சளித்த புரை வழியாகவே வருஷக்கணக்கில் பார்த்தவர்களுக்கு வெள்ளை நீலம் பூத்த மாதிரித் தெரியும், சில வாரத்தில் சரியாகிவிடும்.

விடாக்கண்டன் எழுதியது:

அக்கா சொன்னது மனசுக்குத் தைரியமாக இருக்கிறது. ஆனால் தொற்று? முகாமில் ஆபரேஷன் செய்து பல பேருக்கு ஒரே நாளில் பார்வை போனதைப் பேப்பரில் படித்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரிசையில் படுக்கவைத்தால் அப்படித்தானே ஆகும்?

இரண்டாம்_ஆண்டு_பிஜி எழுதியது:

அந்தச் சம்பவங்கள் நடந்தவைதான், மறைக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் இப்போது முகாம் என்றால் பரிசோதனை மட்டும், அறுவை தியேட்டர் வசதி உள்ள மருத்துவமனையில் என்று வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எண்ணிக்கை கூடினால் தொற்று கூடும் என்பது தானாக வருகிற முடிவு அல்ல. அறுவை முடிகிற கட்டத்தில் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்துவது இப்போது பரவலாகிவிட்டது. அரவிந்த் கண் மருத்துவமனையில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளைக் கணக்கெடுத்து 2017இல் வெளியிட்டார்கள். மருந்து போடாதபோது பத்தாயிரத்துக்கு 7 பேருக்கு வந்த உள்கண் தொற்று, போட்டபிறகு 2 பேராகக் குறைந்தது. அத்தனை பேருக்குச் செய்கிற இடத்தில்தான் இப்படி ஒரு கணக்கை எடுக்கவே முடியும். கடந்த சில பத்தாண்டுகளில் புரை அறுவையில் நடந்த முன்னேற்றம் எது என்று என்னைக் கேட்டால் லேசரைச் சொல்லமாட்டேன், இந்த ஒரு சொட்டைச் சொல்வேன்.

லென்சோமீட்டர் எழுதியது:

நான் லென்ஸ் விலையைச் சொல்வேன். உள்ளே வைக்கிற லென்ஸ் என்பதே போர் தந்த கொடை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் குத்தி நின்றபோது, கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதை ஹரால்ட் ரிட்லி கவனித்தார். 1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே வகை பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து வைத்தார். பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். வயதான காலத்தில் அவருக்கே புரை வந்து, அவர் கண்ணிலும் லென்ஸ்தான் வைத்தார்கள்.

அந்த லென்ஸ் நம் ஊர் ஏழைக்கு எட்டாமல் இருந்தது. இறக்குமதி விலை நூறு டாலரை ஒட்டி. மதுரையில் 1992இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் ஆரம்பித்துப் பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள், பின்னால் இன்னும் குறைந்தது. விடாக்கண்டன், "மலிவு லென்ஸ் மட்டமாக இருக்காதா" என்று அடுத்து கேட்பீர்கள். அதே லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

அரவிந்தை நிறுவிய டாக்டர் வெங்கடசாமியை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களோடு அறுவைக் கத்தி பிடிக்கப் பழகினார். அரசு வேலையில் ஓய்வு பெற்றபின், 1976இல், 58 வயதில், 11 படுக்கையோடு அரவிந்தை ஆரம்பித்தார். காசு கொடுப்பவர் கொடுக்கட்டும், முடியாதவருக்கு இலவசம்.

விடாக்கண்டன் எழுதியது:

கேட்கத்தான் நினைத்தேன், முந்திக்கொண்டீர்கள். ஆனாலும் ஒன்று. அட்டையை நீட்டி மகன் முகத்தை அப்பாவைப் பார்க்கவைப்பது அறம் இல்லை. அதை இங்கே யாரும் மறுக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

பச்சைத்துணி எழுதியது:

மறுக்கவில்லை தம்பி.

இன்னொன்று மறந்துவிட்டேன். வைகைக்கரை, அப்பா ஒன்றுக்குப் போகச் சிரமம் என்று புராஸ்டேட் மாத்திரை எடுக்கிறாரா? டாம்சுலோசின் என்று அட்டையில் போட்டிருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

ஆமாம் அக்கா! ராத்திரி ஒன்று. கண் ஆஸ்பத்திரியில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும்தான் கேட்டார்கள். இதை நாங்களும் சொல்லவில்லை. அதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம்_ஆண்டு_பிஜி எழுதியது:

நிறையச் சம்பந்தம். அந்த மாத்திரை கருவிழிக்குப் பின்னால், பாவையைச் சுற்றி இருக்கிற ஐரிஸ் என்ற நிறத் திரையின் தசையைத் தளரவைக்கும். அறுவையின்போது ஐரிஸ் ஈரத்துணி மாதிரித் துவண்டு வெட்டு வழியாக வெளியே வரும், விரிந்த பாவை நடுவிலேயே சுருங்கும். 2005இல்தான் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள், அதுவரை ஏன் சில ஆண்களுக்கு இப்படி ஆகிறது என்று புரியாமல் திண்டாடியிருக்கிறார்கள். இப்போதே நிறுத்தினாலும் முழுசாகப் போகாது, அதனால் நீங்களாக நிறுத்த வேண்டாம், சிறுநீர் அடைத்துக்கொண்டால் வேறு தொல்லை. டாக்டருக்குத் தெரிந்தால் போதும். பாவையைப் பிடித்துவைக்கச் சின்னக் கொக்கிகள், வளையம், கண்ணுக்குள் போடுகிற மருந்து என்று தயாராக இருப்பார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் அதையும் இப்படியே: சொல்லுங்கள், நிறுத்தாதீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மாத்திரைகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போய் மேசையில் கொட்டினேன். டாக்டர் டாம்சுலோசின் மாத்திரை அட்டையைப் பார்த்ததும் ஃபைலில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். ஓசிடிக்குப் பதிலாக, வலது கண்ணில் புரை தடிப்பாக இருப்பதால் அல்ட்ராசவுண்டில் பார்க்கிற பி-ஸ்கேன் எடுத்து விழித்திரை ஒட்டியிருக்கிறது என்றார்கள். இடது கண்ணில் ஓசிடி எடுத்தார்கள், சர்க்கரைப் பாதிப்பு இல்லையாம். வலது கண்ணுக்கு எஸ்ஐசிஎஸ், மோனோஃபோக்கல். முதலமைச்சர் காப்பீட்டில் வருமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எஸ்ஐசிஎஸ் நீங்கள் அடிக்கடி செய்வீர்களா என்று டாக்டரிடம் கேட்டேன், கோபப்படவில்லை, வாரம்தோறும் செய்வதாகச் சொன்னார். அப்பாவிடம் தட்டு விஷயத்தைச் சொன்னேன் அக்கா. "அதெல்லாம் எனக்குத் தெரியும்டா" என்றார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

கண்ணாடி எப்போது மாற்றுவது? உடனே வாங்கிவிடலாமா?

பச்சைத்துணி எழுதியது:

அதை லென்சோமீட்டர் சொல்வார். நான் ஒன்று மட்டும். சொட்டு மருந்து ஒரு மாதத்துக்கு மேல் ஓடும், படிப்படியாகக் குறைப்பார்கள். சிவப்பு இறங்கிவிட்டது என்று நடுவில் விட்டுவிடக் கூடாது. அப்புறம் தோட்டத்தில் மண், சாணி, மருந்தடிப்பு, டாக்டர் சரி என்கிறவரை எதுவும் வேண்டாம். நன்றாகத் தெரிந்த கண்ணில் திடீரென்று வலி, சிவப்பு, மங்கல் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும்.

லென்சோமீட்டர் எழுதியது:

உடனே வாங்காதீர்கள். வெட்டு ஆறி பவர் நிலைக்க ஒரு மாதம், எஸ்ஐசிஎஸ்ஸுக்கு ஒன்றரை மாதம்கூட ஆகலாம். சில வருஷம் கழித்து மறுபடி மங்கினால் புரை திரும்ப வந்துவிட்டது என்று யாராவது சொல்வார்கள். வராது. லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற உறை மங்குவது அது. யாக் லேசரில் நிமிஷத்தில் சரிசெய்யலாம், அதுவும் நிஜமான லேசர்தான்.

இடைப்பட்ட நாளில் பழைய கண்ணாடியைப் போட்டால் ஆபரேஷன் செய்த கண் குழம்பும். வலதுபக்க லென்ஸை மட்டும் கழற்றித் தரச் சொல்லுங்கள், எந்தக் கண்ணாடிக் கடையிலும் செய்வார்கள், பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள்.